அரைப்பேர்: சின்னத்திரை நடிகையின் உழைப்பும் தமிழ்ச் சமூகத்தின் தீர்ப்பும்

தேயிலைத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்கு அகராதிகள் கூறாத பொருளொன்று உண்டு. விதிக்கப்பட்ட நிறைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தவளுக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும். அன்றைய நாட்கூலி முழுமையாக அவளைச் சேரும். நிறை குறைந்தால் அரைப்பேர். மலைக்குப் போகாத நாளுக்குப் பேரே இல்லை. பேர் என்பது இங்கே ஒருத்தியைப் பிறரிடமிருந்து பிரித்து அழைக்கும் சொல்லன்று. அவளது உடல் ஒரு நாளில் எவ்வளவு தேய்ந்தது என்பதற்குக் கணக்கப்பிள்ளை இட்ட அடையாளமாகும்.

கேகாலை மாவட்டத்தின் தென்கிழக்கிலே, மலைத்தொடரின் சாரலில் அமைந்த தெரணியகலைப் பகுதியிலும் இந்தக் கணக்கே வழங்குகின்றது. அவிசாவளையிலிருந்து தெஹியோவிற்ற வழியாக ஏறிச் செல்லும் பாதை நூரி, மாலிபொட முதலிய தோட்டங்களை அடைகின்றது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து, தண்ணீரும் விறகும் தேடி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறிட்ட பின்னர் லயத்துப் பெண்ணுக்கு எஞ்சும் ஓய்வு சொற்பமானது. அச்சொற்ப ஓய்வை இன்று நிரப்புவது தொலைக்காட்சியே. அதிலே தோன்றும் பெண்கள் சென்னையின் படப்பிடிப்புத் தளங்களிலிருந்து வருகின்றார்கள். அவர்கள் கட்டும் சேலையும் அழும் அழுகையும் மறுநாள் மலையிற் கொழுந்தோடு கொழுந்தாகப் பேசப்படுகின்றன.

அவ்வாறு பேசப்பட்ட பெண்களுள் ஒருத்தி 'முல்லை'. விஜய் தொலைக்காட்சி 2018 ஒக்டோபரிலிருந்து ஒளிபரப்பிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' என்னும் தொடரிலே, பலசரக்குக் கடை நடத்தும் கூட்டுக் குடும்பமொன்றின் மருமகள் அவள். அப்பாத்திரத்தை ஏற்று நடித்தவர் வி. ஜே. சித்ரா. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் திகதி, சென்னையை அடுத்த நசரத்பேட்டையில் விடுதியொன்றிலே அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 28. மறுநாட் செய்திகள் 'பாண்டியன் ஸ்டோர்ஸ் முல்லை' என்றே தலைப்பிட்டன. இறந்த பின்னரும் அவருக்கு முழுப்பேர் விழவில்லை.

சின்னத்திரை நடிகையைத் தமிழ்ச் சமூகம் இரண்டே வகையாக நோக்குகின்றது. ஒரு சாரார் அவளைக் குலவிளக்காகக் கொண்டாடுகின்றனர். மறுசாரார் ஒழுக்கத்தின் பேரால் விசாரிக்கின்றனர். பல்கலைக்கழகம் சார்ந்தோர் மூன்றாவதொரு வழியைக் கண்டுள்ளனர்: 'சீரழிவுக் கலாசாரம்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது. இம்மூன்று நோக்குகளும் தம்முள் முரண்படுவனபோலத் தோன்றினும் ஒன்றிலே உடன்படுகின்றன. அவள் ஓர் உழைப்பாளி, அவள் செய்வது ஒரு தொழில், அத்தொழிலுக்கு நேரமும் கூலியும் முதலாளியும் உண்டு என்பதை அவை ஒருசேர மறுக்கின்றன. இம்மறுப்பே சித்ராவின் வாழ்விலும் மரணத்திலும் இழைக்கப்பட்ட அநீதிகளின் வேராகும்.

சித்ராவின் பெயரையே எடுத்துக்கொள்வோர் இவ்வுண்மையை எளிதில் உணரலாம். தமிழர் வழக்கிலே ஒருவரது பெயரின் முன்னுள்ள எழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது. சித்ராவின் பெயருக்கு முன் நின்ற 'வி. ஜே.' தந்தையின் பெயரன்று. அது தொலைக்காட்சித் தொகுப்பாளர் என்னும் தொழிலின் பெயர். தொழிலையே தன் முதலெழுத்தாகத் தாங்கி நடந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேசியவர்கள், அத்தொழிலைத் தவிர மற்றெல்லாவற்றையும் பேசினார்கள்.

அவர் 1992 மே 2ஆந் திகதி சென்னையிற் பிறந்தவர். 2013ஆம் ஆண்டளவில் மக்கள் தொலைக்காட்சியிலே 'சட்டம் சொல்வது என்ன?' என்னும் நிகழ்ச்சியின் தொகுப்பாளராக அவரது தொழில் வாழ்வு தொடங்கிற்று. தொடர்ந்து 'மன்னன் மகள்', 'சின்ன பாப்பா பெரிய பாப்பா', 'டார்லிங் டார்லிங்', 'வேலுநாச்சி' எனப் பல தொடர்களில், பல தொலைக்காட்சி நிறுவனங்களில் நடித்தார். நிகழ்ச்சித் தொகுப்பு, மேடை அறிவிப்பு, விளம்பரத்துக்கான ஒப்பனைப் படங்கள் ஆகியனவும் இடையிடையே நிகழ்ந்தன. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' வருவதற்கு முன் ஐந்தாண்டு காலம் அவர் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு சிறு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்துகொண்டிருந்தார். 'ஒரே நாளிற் புகழடைந்தவர்' என்று எழுதுவோர் இவ்வைந்தாண்டுகளைக் கணக்கிலெடுப்பதில்லை. கொழுந்துப் பையைக் காண்போர் அதற்குப் பின்னாலுள்ள மலைச்சரிவைக் காணாதது போன்றதே இது. அவர் நடித்த 'கால்ஸ்' என்னும் திரைப்படம் அவர் மறைந்த பின்னர் 2021இலே திரைக்கு வந்தது. கதாநாயகியாகத் தன்னைத் திரையரங்கிற் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடரொன்று எவ்வாறு உற்பத்தியாகின்றது என்பதை நோக்குதல் அவசியமாகும். வாரத்துக்கு ஐந்து அல்லது ஆறு பகுதிகள் நிறுவனத்துக்குக் கையளிக்கப்பட வேண்டும். ஒரு நாளிலே பல காட்சிகள் படமாக்கப்படும். வசனம் பெரும்பாலும் படப்பிடிப்பு நாளன்றே கைக்கு வரும். நடிகைக்கு ஊதியம் நாட்கணக்கில். அழைப்பு இல்லாத நாளுக்கு ஊதியமில்லை. பாத்திரத்துக்குரிய சேலையையும் அணிகலனையும் நடிகையே தேடிக்கொள்ளும் வழக்கமும் பரவலாக உண்டு. பார்வையாளர் எண்ணிக்கையைக் காட்டும் வாராந்தப் புள்ளி வீழ்ந்தால் பாத்திரம் கதையிலே வெளியூர் போய்விடும். அல்லது விபத்திற் சிக்கும். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக் காரணமாகப் படப்பிடிப்புகள் நின்றபோது நாட்கூலிக்கு உழைத்த கலைஞரும் தொழிலாளரும் வருமானமின்றி நின்றமை அனைவரும் அறிந்தது. படப்பிடிப்பை முடித்துவிட்டு நள்ளிரவு கடந்த வேளையில் விடுதிக்குத் திரும்பிய பின்னரே சித்ராவின் மரணம் நிகழ்ந்தது. அன்றும் அவர் வேலை செய்துவிட்டுத்தான் திரும்பினார்.

அதன் பின் நிகழ்ந்தவை தமிழ் ஊடக வரலாற்றில் வெட்கத்துக்குரியவை. அவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார் எனப் பிரேத பரிசோதனையின் பின் காவற்றுறை தெரிவித்தது. தற்கொலைக்குத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, அவரைப் பதிவுத் திருமணம் செய்திருந்த கணவர் கைதானார். நீதிமன்றம் ஆற அமர விசாரித்தது. 2024 ஓகஸ்டிலே திருவள்ளூர் மகளிர் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுதலை செய்து தீர்ப்பளித்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதே சட்டத்தின் முடிவு. அம்முடிவுக்கு மதிப்பளித்தல் வேண்டும். எனினும், சட்டம் ஏறத்தாழ நான்காண்டுகள் எடுத்துக்கொண்ட வினாவுக்குத் தொலைக்காட்சி விவாதங்களும் யூடியூப் அலைவரிசைகளும் நான்கு நாட்களிலே பல தீர்ப்புகளை வழங்கிவிட்டன. அவர் எவரோடு பேசினார், எந்த நிகழ்ச்சியில் எவரோடு ஆடினார், யாருடைய கைபேசியில் அவரது படம் இருந்தது என்பனவெல்லாம் ஆதாரமின்றி அலசப்பட்டன. ஒரு பெண் இறந்தால் முதலில் விசாரிக்கப்படுவது அவளது இறப்பன்று, அவளது நடத்தையே. 'சட்டம் சொல்வது என்ன?' என்று மக்களுக்கு விளக்கியவரின் மரணத்திலே, சட்டம் என்ன சொல்கின்றது என்று கேட்கும் பொறுமை எவருக்கும் இருக்கவில்லை.

இம்மனப்பாங்கு கைபேசியோடு பிறந்ததன்று. 1931இல் வெளிவந்த முதலாவது தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' திரைப்படத்தின் நாயகியாகிய டி. பி. ராஜலக்ஷ்மி நாடக மேடையிலிருந்து வந்தவர். 1936இல் 'மிஸ் கமலா' என்னும் படத்தை இயக்கித் தமிழின் முதற் பெண் இயக்குநருமானார். அத்தகைய சாதனையாளர் தோன்றிப் பத்தாண்டுகள் கழிவதற்குள், 1940களிலே, லக்ஷ்மிகாந்தன் என்பவர் 'சினிமா தூது', 'இந்துநேசன்' என்னும் பத்திரிகைகளை நடத்தித் திரையுலகினரின் அந்தரங்கத்தை அச்சிட்டு விற்றார். 1944 நவம்பரில் அவர் கொலையுண்டார். அவ்வழக்கு தியாகராஜ பாகவதரையும் என். எஸ். கிருஷ்ணனையும் சிறைக்கு அனுப்பிற்று. பின்னர் அவ்விருவரும் மேன்முறையீட்டில் விடுதலையாயினர். அவ்வழக்கைப் பற்றி இன்றுவரை ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. ஆயின், அப்பத்திரிகைகளின் பக்கங்களிலே இழிவுபடுத்தப்பட்ட நடிகையர் என்னவாயினர் என்று கேட்டோர் மிகச் சிலரே. அன்று அச்சுத்தாள், இன்று கைபேசித் திரை. கருவி மாறிற்று, சரக்கு மாறவில்லை. நடிகையின் நடிப்பு ஒருமுறை விற்கப்படுகின்றது. அவளைப் பற்றிய அவதூறு பலமுறை விற்கப்படுகின்றது. முதல் விற்பனையில் அவளுக்கு நாட்கூலியாவது கிடைக்கும், இரண்டாவதில் அதுவுமில்லை.

இங்கு ஓர் ஆட்சேபம் எழுதல் இயல்பே. ஒப்பனை அறையும் ஒளிவிளக்கும் கொண்ட நடிகையையும், அட்டை கடிக்கும் மலைச்சரிவிலே நனைந்து நிற்கும் தோட்டப் பெண்ணையும் ஒரே தட்டில் வைத்தல் தகுமா? ஒருத்தி புகழும் பணமும் உடையவள்; மற்றவள் 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காகவும், 2024இல் ஆயிரத்து எழுநூறு கேட்டு 1,350 ரூபாய் பெறுவதற்காகவும் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டியவள். இவ்வேறுபாடு பெரியது, அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் கூலியின் அளவு வேறு, உழைப்பு உறவின் தன்மை வேறு. இருவரும் நாட்கணக்கில் அமர்த்தப்படுபவர்கள். இருவரது உழைப்பையும் அளக்கும் தராசு பிறர் கையில் உள்ளது: ஒருத்திக்குக் கொழுந்து நிறுக்கும் தராசு, மற்றவளுக்கு வாராந்தப் பார்வையாளர் புள்ளி. ஒருத்தி நின்றால் மற்றொருத்தி அவ்விடத்தில் நிறுத்தப்படுவாள். முல்லை என்னும் பாத்திரம் சித்ராவோடு முடிந்துவிடவில்லை; அம்மாதமே வேறொரு நடிகை அப்பாத்திரத்தை ஏற்றார். தொடர் 2023 வரை ஓடி, இரண்டாம் பருவமும் கண்டது. புதிதாக வந்தவர்மீது இதிற் குற்றமில்லை. அவரும் வேலைக்கு வந்தவரே. நிரை காலியாக இருக்கக்கூடாது என்பது தோட்டத்தின் சட்டம் மட்டுமன்று என்பதே இங்கு கருத்து.

மற்றுமொரு ஒற்றுமை இதனினும் கூர்மையானது. விளம்பர உலகிலே 'மொடல்' எனப்படுபவள் ஒரு பொருளை விற்பதற்காகத் தன் உருவத்தை அளிப்பவள். அவ்வாறாயின் இலங்கையின் மிகப் பழைய மொடல்களுள் ஒருத்தி யார்? 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை அமைக்கப்பட்ட காலந்தொட்டு உலகச் சந்தைகளிலே இத்தீவின் தேயிலையை விற்கப் பயன்பட்ட படங்களில் அடிக்கடி தோன்றும் உருவம் எது? கூடை சுமந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளி, புன்னகையோடு நிற்கும் தமிழ்ப் பெண்ணின் உருவமே. தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலாச் சுவரொட்டிகளிலும் அவள் இன்றும் சிரித்துக்கொண்டிருக்கின்றாள். அச்சிரிப்புக்கு அவளுக்கு ஒப்பந்தமில்லை, ஊதியமில்லை. படத்தின் கீழே பெயருமில்லை. 'கொழுந்து பறிக்கும் பெண்' என்பதே அவளுக்கு இட்ட பாத்திரப் பெயர். 'முல்லை' என்று அச்சிட்டு 'சித்ரா'வை மறைத்த மனப்பாங்கும், 'கொழுந்து பறிக்கும் பெண்' என்று அச்சிட்டு ஒரு மனுஷியை மறைத்த மனப்பாங்கும் ஒன்றே.

இனி, பல்கலைக்கழக வாயில்களிலே கேட்கும் குரலுக்கு விடையளித்தல் வேண்டும். தொலைக்காட்சித் தொடர்கள் பிற்போக்கானவை. மாமியார்–மருமகள் சச்சரவைப் பெரிதாக்கிப் பெண்ணுக்குப் பெண்ணைப் பகையாக்குகின்றன. நிலமானிய கால விழுமியங்களைச் சரிகைச் சேலையில் சுற்றி விற்கின்றன. ஆதலின் அவற்றில் நடிப்போர் அனுதாபத்துக்குரியவரல்லர் என்பது அக்குரலின் வாதம். வாதத்தின் முற்பகுதி பெரும்பாலும் உண்மையே. முல்லை வாழ்ந்த கூட்டுக் குடும்பத்தில் மருமகள்மாரின் பொறுமையே குடும்பத்தின் அத்திவாரம். அண்ணன் சொல்லே சட்டம். அக்குடும்பத்துக்கு வெளியே தொழிற்சங்கமோ, வேலையின்மையோ, சாதியோ இருப்பதாகத் தெரியவில்லை. அதனை விமரிசித்தல் விமரிசகனின் கடமை.

ஆனால் முடிவு பிழையானது. தேயிலையும் கொலனித்துவ மூலதனத்தின் பொருட்டு நடப்பட்ட பயிரே. காடழித்து, கண்டிச் சீமையின் நிலங்களைக் கவர்ந்து, கடல் கடந்து மக்களைக் கொண்டுவந்து உண்டாக்கப்பட்ட தொழில் அது. அதற்காகக் கொழுந்து கிள்ளும் விரல்களை எவரேனும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுண்டா? தேயிலையைப் பற்றிப் பேசும்போது கம்பனியையும் சந்தையையும் அரசையும் காணும் கண்கள், தொடரைப் பற்றிப் பேசும்போது மட்டும் நடிகையின் சேலைத் தலைப்போடு நின்றுவிடுவது ஏன்? கதையை எழுதியவர், தயாரித்தவர், ஒளிபரப்பிய நிறுவனம், இடையிடையே சவர்க்காரமும் தங்கமும் விற்ற விளம்பரதாரர் ஆகியோரெல்லாம் மறைந்து, திரையில் தெரியும் பெண் மாத்திரமே பொறுப்பாளியாவது எந்தச் சமூகவியல்? முற்போக்கின் பெயரால் நடிகையை இகழ்பவரும், ஒழுக்கத்தின் பெயரால் இகழ்பவரும் ஈற்றில் ஒரே திண்ணையிலேதான் அமர்ந்திருக்கின்றனர்.

நடிகையைத் தொழிலாளியாகக் காண மறுப்பதன் விலை என்ன என்பதை அயல் மாநிலமாகிய கேரளம் காட்டியது. மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய 2017இல் நீதிபதி ஹேமா தலைமையிலே குழுவொன்று அமைக்கப்பட்டது. 2019 டிசெம்பரில் அரசிடம் ஒப்படைக்கப்பட்ட அதன் அறிக்கை நாலரை ஆண்டுகளுக்கு மேல் வெளியிடப்படாதிருந்து, 2024 ஓகஸ்டிலே வெளியாயிற்று. சித்ராவின் வழக்கிலே தீர்ப்பு வந்த அதே மாதம் அது. பாலியல் துன்புறுத்தல் பற்றிய பகுதிகளே பெரிதும் பேசப்பட்டன. அவை பேசப்பட வேண்டியவையே. எனினும் அவ்வறிக்கையிலே இன்னொரு செய்தியும் இருந்தது. படப்பிடிப்பு இடங்களிலே பெண்களுக்கு மலசலகூடமும் உடைமாற்றும் அறையும் இல்லை. எழுத்திலமைந்த ஒப்பந்தம் இல்லை. இதனை வாசிக்கும் தெரணியகலைப் பெண்ணுக்கு வியப்பேதும் ஏற்படாது. மலையிலே நாள் முழுதும் நிற்கும் அவளுக்கும் மலசலகூடம் இல்லை. தேயிலைச் செடிகளின் மறைவே அவளுக்கு மறைவிடம். பளபளக்கும் திரைக்கும் பனி மூடிய மலைக்குமிடையே இவ்வளவு எளிதான, இவ்வளவு இழிவான ஓர் ஒற்றுமை இருக்கின்றது என்பதை இலக்கியத் திறனாய்வுகள் கண்டுகொள்ளவில்லை. பத்துப் பேருக்குக் குறையாதோர் பணிபுரியும் இடங்களிலெல்லாம் முறைப்பாட்டுக் குழு அமைக்கப்பட வேண்டும் என்று இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. படப்பிடிப்புத் தளமும் ஒரு வேலைத்தளமே என்று ஏற்றுக்கொண்டால் அச்சட்டம் அங்கும் செல்லும். ஏற்றுக்கொள்ளாதவரை, அது நட்சத்திரங்கள் உலாவும் கனவுலகமாகவே இருக்கும். கனவுலகத்திலே சட்டங்கள் செல்லுபடியாவதில்லை.

ஈழத்து நிலை யாது? 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தொடங்கப்பட்டன. பின்னர் சக்தி, நேத்ரா, வசந்தம் எனத் தமிழ் அலைவரிசைகள் பெருகின. ஆயினும் அவற்றின் மாலை நேரத்தை நிரப்புவன பெரிதும் தமிழகத் தொடர்களே. உள்நாட்டுத் தமிழ் நாடகங்கள் இல்லாமலில்லை. ஆனால் அவற்றை நம்பி ஒருவர் உலை வைக்க முடியாது. இரத்தினபுரி மாவட்டத்து இரக்குவானையிற் பிறந்த தர்சன் தர்மராஜ், சிங்களத் திரையிலும் சிங்களத் தொலைக்காட்சியிலுமே தனக்கு இடந்தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' 2012இல் அவரது ஆற்றலை உலகுக்குக் காட்டிற்று. 2022 ஒக்டோபரில் அவர் திடீரென மறைந்தபோது சிங்கள இரசிகரும் தமிழரும் ஒருசேர வருந்தினர். அதே படத்தில் நடித்த நிரஞ்சனி சண்முகராஜாவும் சிங்களத் திரையிலே பெயர் பெற்றவரே. சபரகமுவத் தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு நடிக்க வராது என்பார்க்கு இரக்குவானையே விடை.

சென்னையிலே கதவு திறந்தபோது நிகழ்ந்ததையும் நோக்கலாம். சக்தி தொலைக்காட்சியிலே செய்தி வாசித்த லொஸ்லியா மரியநேசன் 2019இல் விஜய் தொலைக்காட்சியின் 'பிக் பாஸ்' மூன்றாம் பருவத்தில் பங்குகொண்டு மூன்றாமிடம் பெற்றார். 'எங்கள் பெண்' என்று ஈழத்துப் பத்திரிகைகளும் புலம்பெயர்ந்தோரும் பெருமைப்பட்டனர். ஆனால் அப்பெருமை நிபந்தனையோடு கூடியது. சக போட்டியாளர் ஒருவரோடு அவர் கொண்ட நட்பு திரையிற் தெரியத் தொடங்கியதும், 'எங்கள் பெண்' இனத்தின் மானத்தைக் காக்க வேண்டியவளானார். ஆண்டுக்கணக்கான பிரிவின் பின் கனடாவிலிருந்து மகளைக் காண வந்த தந்தையின் கண்டிப்பும் கண்ணீரும் விளம்பரங்களுக்கிடையே ஒளிபரப்பாயின. ஒரு குடும்பத்தின் பிரிவுத்துயர் பார்வையாளர் புள்ளியாக மாற்றப்பட்டது பற்றி அன்று கேள்வியெழுப்பியோர் சிலர்; மகள் தலைகுனிந்தது சரியே என்று எழுதியோர் பலர். அடுத்த ஆண்டிலே அத்தந்தையும் மறைந்தார். 2021இல் 'பிரண்ட்ஷிப்', 2022இல் 'கூகுள் குட்டப்பா' என லொஸ்லியா தன் தொழிலைத் தொடர்ந்தார். அப்படங்களில் அவரது நடிப்பு எத்தகையது என்று ஈழத்தில் எழுதப்பட்ட திறனாய்வு எத்தனை? அவரது உடையைப் பற்றி எழுதப்பட்ட குறிப்புகள் எத்தனை? இவ்விரண்டு எண்ணிக்கைகளையும் அருகருகே வைத்தால் தமிழ்ச் சமூகத்தின் தராசு எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பது புலனாகும்.

இப்பின்னணியிலே, தெரணியகலைத் தோட்டமொன்றின் தமிழ்ப் பாடசாலையிலே தமிழ்த்தின விழா மேடையில் நன்றாக நடிக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பார்த்தல் தகும். அத்தகைய மாணவியர் ஒவ்வொரு ஆண்டும் உள்ளனர், பரிசும் பெறுகின்றனர். உயர்தரம் முடிந்த பின் அவர்களுக்குத் திறந்திருப்பவை கொழும்பின் ஆடைத் தொழிற்சாலை, துணிக்கடை, வீட்டுப் பணி, மத்திய கிழக்கு என்பனவே. நடிப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்புவதாக அவள் வீட்டிலே கூறினால், சித்ராவின் பெயரே அவளுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்காட்டப்படும். 'பார்த்தாயா, அந்தப் பிள்ளைக்கு நடந்ததை' என்பர். சித்ராவுக்கு நடந்தது நடிப்பினால் நடந்தது என்று எவர் நிறுவினார்? எந்த நீதிமன்றமும் நிறுவவில்லை. ஒழுக்க விசாரணை நடத்திய ஊடகங்கள் நிறுவாமலே சொல்லிவைத்தன; அது லயத்தின் வாசல்வரை வந்துவிட்டது. அவதூறின் கடைசிப் பலி இறந்துபோனவளல்லள், இன்னும் மேடையேறாதவளே.

ஆகவே பல்கலைக்கழகம் சார்ந்தோர் செய்யக் கூடியவை சில உள. சின்னத்திரை நடிப்பைத் திறனாய்வுக்குரிய கலையாகவும் ஆய்வுக்குரிய தொழிலாகவும் கொள்ளுதல் முதலாவது. நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் துறைகள் கூத்தையும் நவீன நாடகத்தையும் ஆராயும் அதே கண்ணோடு, நாள்தோறும் இலட்சக்கணக்கான பெண்கள் காணும் தொடரையும் ஆராய வேண்டும், இகழ்வது ஆராய்ச்சியாகாது. எழுத்திலமைந்த ஒப்பந்தம், வேலை நேர வரையறை, முறைப்பாட்டுக் குழு, நோய்க்கால உதவி என்பன நடிகையின் உரிமைகள் என்று தொழிற்சங்க மொழியிலே பேசுதல் இரண்டாவது. உள்நாட்டுத் தமிழ் அலைவரிசைகள் இறக்குமதிக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கையேனும் இந்நாட்டுத் தமிழ்க் கலைஞருக்கு, மலையகக் கலைஞர் உட்பட, ஒதுக்க வேண்டுமெனக் கோருதல் மூன்றாவது. இவையெல்லாவற்றுக்கும் முன்னே மிக எளிதான ஒன்றுண்டு: அவளை அவளது பெயரால் அழைத்தல்.

தோட்டத்துப் பெண் மாலையிலே நிறுவைக் கொட்டிலில் நின்று, தன் கொழுந்தின் நிறை சரியாக எழுதப்படுகின்றதா என்று எட்டிப் பார்ப்பாள். ஈரக் கொழுந்தென்றும், சாக்கின் நிறையென்றும் கழித்தது போக எஞ்சுவதே அவள் பேர். கழிக்கப்பட்டது அநீதி என்று அவள் அறிவாள். வாய்விட்டுக் கேட்கவும் கற்றிருக்கின்றாள். அவள் தன் ஓய்வு நேரத்திலே கண்டு மகிழ்ந்த ஒரு பெண்ணின் கணக்கிலும் தமிழ்ச் சமூகம் கழித்துக்கொண்டே வந்தது. ஐந்தாண்டு உழைப்பைக் கழித்தது, தொழிலைக் கழித்தது, இறந்த பின் மானத்தையும் கழித்தது. எஞ்சியதைப் 'முல்லை' என்று எழுதி அரைப்பேர் போட்டது. சித்ரா முழுநாளும் வேலை செய்தவர். செக்ரோல் திருத்தப்பட வேண்டும்.